துண்டுப் பிரசுரத்தில் தோற்ற வழக்கு: ரஷ்யாவில் யெகோவாவின் சாட்சிகள் கலைக்கப்பட்ட விதம்

2017 ஏப்ரல் 20 அன்று ரஷ்ய உச்ச நீதிமன்ற நீதிபதி யூரி இவானென்கோ, யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவச் சபையின் நிர்வாக மையத்தையும் அதைச் சேர்ந்த 395 உள்ளூர் அமைப்புகளையும் தீவிரவாத அமைப்புகள் என்று அறிவித்துக் கலைத்தார். சொத்துகள் அரசுக்குப் போக வேண்டும் என்றும் உத்தரவிட்டார். ஏப்ரல் 5-இல் தொடங்கிய விசாரணை மொத்தம் ஆறே அமர்வுகளில் முடிந்துவிட்டது. அப்போது ரஷ்யாவில் இந்தச் சபையினர் சுமார் 1,75,000 பேர்.

இதே சபையின் மாஸ்கோ சமூகத்தை மட்டும் கலைக்க முன்பு ஒரு வழக்கு நடந்திருக்கிறது. 1998-இல் தொடுத்த வழக்கு 2004-இல்தான் முடிந்தது. முதல் சுற்றில் அரசுத் தரப்பு தோற்றது. இரண்டாம் சுற்றில் வென்றது. ஆனால் 2010-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், அந்தக் கலைப்பு உரிமை மீறல் என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

ஒரு நகரத்துச் சபையைக் கலைக்க ஆறு ஆண்டு ஆனது; நாடு முழுவதும் கலைக்க ஆறு அமர்வு போதுமானதாக இருந்தது. இடையில் சபையின் போதனை மாறவில்லை. மாறியது சட்டக் கருவி. முதல் வழக்கில் அரசு எதையாவது நிரூபித்தாக வேண்டியிருந்தது. இரண்டாவது வழக்கில் நிரூபிக்க வேண்டியவை எல்லாம் ஊர் ஊராகச் சிறு நீதிமன்றங்களில் ஏற்கெனவே நிரூபணமாகிவிட்டதாகக் கோப்பு தயாராக இருந்தது. அந்தக் கோப்பு எப்படித் தயாரானது என்பதுதான் இந்த வழக்கில் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய பகுதி. 2017-ஐ மட்டும் படிப்பவர்களுக்கு அது கண்ணில் படாது.

பதிவு போனால் என்னென்ன போகும்

1997 செப்டம்பர் 26-ஆம் தேதியிட்ட ரஷ்ய மதச் சட்டம் (எண் 125) நம்பிக்கையாளர்களின் கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று மதக் குழு. பதிவு தேவையில்லை, ஆனால் சட்டத்தின் பார்வையில் அது தனி ஆள் அல்ல. மற்றது மத அமைப்பு. உள்ளூர் அமைப்புக்குக் குறைந்தது பத்து பேர் வேண்டும். பதிவு செய்ததும் அதற்குத் தனிச் சட்ட ஆளுமை கிடைக்கும். கட்டடம் வாங்க, வாடகைக்கு எடுக்க, வங்கிக் கணக்கு வைத்திருக்க, நூல்களை அச்சிட்டு இறக்குமதி செய்ய, வெளிநாட்டுப் போதகரை அழைக்க, மருத்துவமனையிலும் சிறையிலும் வழிபாடு நடத்த, வழக்குத் தொடுக்க எல்லாவற்றுக்கும் அந்த ஆளுமை வேண்டும்.

சாதாரணக் கலைப்பில் இவை போகும். ஆனால் பத்துப் பேர் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பதை அது குற்றமாக்காது. தீவிரவாதம் என்று காரணம் காட்டிக் கலைத்தால், அந்த அமைப்பின் செயலைத் ‘தொடர்வது’ குற்றவியல் சட்டத்தின் 282.2-ஆம் பிரிவில் வந்து விழும். 2016 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு ஒழுங்குசெய்பவருக்கு 6 முதல் 10 ஆண்டு, பங்கேற்பவருக்கு 2 முதல் 6 ஆண்டு சிறை. கலைப்பு என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பதால் செய்திகளில் பெரிய குழப்பம் நேர்ந்தது. 2004-இல் மாஸ்கோவுக்கு வந்தது முதல் வகை, தடையோடு சேர்ந்து. 2017-இல் வந்தது இரண்டாம் வகை.

மாஸ்கோ வழக்கு: 1995 முதல் 2004 வரை

இந்தச் சபைக்கு சோவியத் காலம் முழுக்கத் தலைமறைவு வாழ்க்கைதான். 1951 ஏப்ரலில் மட்டும் குடும்பம் குடும்பமாக ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். 1991 மார்ச் 27-இல்தான் முதல் பதிவு கிடைத்தது. மாஸ்கோ சமூகம் 1993 டிசம்பர் 30-இல் பதிவானது; பத்தாயிரம் பேர் அளவுக்கு வளர்ந்தது.

1995-இல் ‘சர்வாதிகாரப் பிரிவுகளிடமிருந்து இளைஞரைக் காக்கும் குழு’ என்ற அமைப்பு அரசு வழக்குரைஞரிடம் புகார் கொடுத்தது. குற்ற விசாரணை தொடங்கியது. ஆதாரம் இல்லை என்று மூடப்பட்டது. மறுபடி திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். இப்படி ஐந்து சுற்று. 1998 ஏப்ரல் 13-இல் ஐந்தாவது விசாரணையை மூடிய அதிகாரி, குற்றம் எதுவும் தெரியவில்லை என்று எழுதிய அதே கையோடு, சிவில் வழக்கு போட்டுச் சமூகத்தைக் கலைக்கலாம் என்று பரிந்துரைத்தார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 20-இல், மாஸ்கோ வடக்கு நிர்வாக வட்டத்தின் வழக்குரைஞர் கோலோவின்ஸ்கி மாவட்ட நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தார்.

குற்ற வழக்குக்குத் தேறாத புகார் சிவில் மனுவாக உருமாறியது இங்கேதான். குற்றம் என்றால் ஆள், தேதி, செயல் மூன்றும் வேண்டும். கலைப்பு மனுவுக்குப் ‘போதனையின் போக்கு’ போதும் என்று அரசுத் தரப்பு நினைத்தது. மனுவில் சொன்ன காரணங்கள்: மதப் பகையைத் தூண்டுவது, குடும்பத்தைக் குலைக்க வற்புறுத்துவது, தனிமனித உரிமைகளில் தலையிடுவது, இரத்தம் ஏற்ற மறுக்கச் சொல்லித் தற்கொலைக்கோ உயிர் ஆபத்தில் சிகிச்சை மறுப்புக்கோ தூண்டுவது, சிறுவர்களைச் சபைக்குள் இழுப்பது. எல்லாம் மதச் சட்டத்தின் 14-ஆம் பிரிவிலிருந்து எடுத்த வாசகங்கள்.

1998 செப்டம்பர் 29-இல் விசாரணை தொடங்கியது. 1999 மார்ச் 12-இல் நீதிமன்றம் மதவியல், மொழியியல், உளவியல் துறைகளில் ஐந்து நிபுணர்களை நியமித்து வழக்கை நிறுத்தி வைத்தது. 2001 பிப்ரவரி 23-இல் மனு தள்ளுபடியானது. மூன்று மாதம் கழித்து, மே 30-இல், மாஸ்கோ நகர நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. இரண்டாம் சுற்று 2001 அக்டோபர் 30-இல் தொடங்கி 2004 மார்ச் 26-இல் முடிந்தது: கலைப்பும் தடையும். ஜூன் 16-இல் மேல்முறையீடும் தோற்றது.

பக்கத்திலேயே இன்னொரு வழியும் அடைபட்டுக்கொண்டிருந்தது. 1997 சட்டம் பழைய அமைப்புகள் அனைத்தும் மறுபதிவு செய்ய வேண்டும் என்றது. கடைசி நாள் 2000 டிசம்பர் 31. மாஸ்கோ சமூகம் 1999 அக்டோபரிலிருந்து ஐந்து முறை விண்ணப்பித்தது. ஐந்து முறையும் மறுப்பு. ஒரு முறை காகிதம் குறை என்றார்கள். எந்தக் காகிதம் என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. இன்னொரு முறை, கலைப்பு வழக்கு நிலுவையில் இருப்பதே காரணமானது. அசல் சாசனமும் பதிவுச் சான்றும் வேண்டும் என்றார்கள். அவை முதல் விண்ணப்பத்தோடு அதே அலுவலகத்துக்குப் போய் அங்கேயே கிடந்தன. இந்தக் காலத்தில் மாஸ்கோவில் இந்த நோய் இவர்களை மட்டும் பிடிக்கவில்லை. சால்வேஷன் ஆர்மி என்ற பெயரில் ‘ஆர்மி’ இருக்கிறது, உறுப்பினர் சீருடை போடுகிறார்கள், ஆகவே துணை ராணுவ அமைப்பு என்று வாதம் வைக்கப்பட்டது. அந்தச் சபையின் வழக்கில் 2006-இலும் சயன்டாலஜி வழக்கில் 2007-இலும் ஸ்ட்ராஸ்பூர்க் ரஷ்யாவுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

ஸ்ட்ராஸ்பூர்க் 2010: ஒவ்வொரு குற்றச்சாட்டும் எங்கே உடைந்தது

2010 ஜூன் 10-ஆம் தேதித் தீர்ப்பு (மனு எண் 302/02) மதச் சங்கங்கள் தொடர்பான சட்டம் படிப்பவர்கள் முழுதாகப் படிக்க வேண்டிய ஒன்று. கலைப்பு வழக்கில் அரசு வைக்கும் வழக்கமான வாதங்களை எல்லாம் அது ஒவ்வொன்றாகத் தனித்தனியாக எடுத்து, ‘இதற்கு எந்த வகைச் சான்று வேண்டும்’ என்று கேட்டது. நீதிமன்றம் மதத்தின் நன்மை தீமையைப் பேசவில்லை. சான்றின் தரத்தைப் பேசியது. தீர்ப்பின் பலம் அதில்தான் இருக்கிறது.

குடும்பம் குலைகிறது என்ற வாதத்துக்கு ரஷ்ய நீதிமன்றங்கள் நம்பியது விரல்விட்டு எண்ணக்கூடிய சில உறவினர்களின் சாட்சியத்தை. பத்தாயிரம் பேர் கொண்ட சமூகத்தில் சபை காரணமாகக் குடும்பங்கள் உடைகின்றன என்று சொல்ல வேண்டுமானால், பொது மக்களிடையே உடையும் குடும்பங்களோடு ஒப்பிட்டு விகிதம் காட்டியிருக்க வேண்டும். அது செய்யப்படவில்லை. மேலும் ஒரு வீட்டில் ஒருவர் மதம் மாறியதும் சண்டை வருகிறது என்றால், அதற்குக் காரணம் மாறியவரின் நம்பிக்கையா, அதை ஏற்க மறுக்கும் மற்றவரின் எதிர்ப்பா? இந்தக் கேள்வியை உள்நாட்டு நீதிமன்றங்கள் எழுப்பவே இல்லை.

‘மனக் கட்டுப்பாடு’ என்ற வாதம் இன்னும் சீக்கிரம் விழுந்தது. அந்தச் சொல்லுக்கு ஏற்கப்பட்ட அறிவியல் வரையறை இல்லை. உள்நாட்டுத் தீர்ப்புகளும் ஒரு வரையறை தரவில்லை. இன்னார் இந்த முறையில் கட்டாயப்படுத்தப்பட்டார் என்று ஒரு பெயரும் இல்லை.

இரத்தம் ஏற்ற மறுப்பது பற்றிய பகுதிதான் தீர்ப்பில் மிக ஆழமானது. தற்கொலை என்றால் சாக வேண்டும் என்ற எண்ணம் வேண்டும். இரத்தத்தை மறுக்கும் சபை உறுப்பினர் மற்றச் சிகிச்சையைக் கேட்டு மருத்துவமனைக்கு வருகிறார். அவருக்குச் சாக விருப்பமில்லை. வயது வந்த, தெளிந்த மனம் உள்ள ஒருவர் ஒரு சிகிச்சையை வேண்டாம் என்பது அவரது உடல் மீதான தீர்மானம். ரஷ்யாவின் சுகாதாரச் சட்டமே அந்த உரிமையைத் தந்திருந்தது. குழந்தை விஷயத்தில் பெற்றோர் மறுத்தால் மருத்துவமனை நீதிமன்றம் சென்று அனுமதி வாங்கலாம் என்ற வழியும் அதே சட்டத்தில் இருந்தது. வழி இருக்கும்போது சபையையே கலைக்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது? உடலை வருத்தும் சடங்குகள் பல மதங்களில் உண்டு என்றும் நீதிமன்றம் நினைவூட்டியது. அது சொன்ன எடுத்துக்காட்டு, ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நீண்ட, கடுமையான உபவாசம். மாஸ்கோவில் அந்த வரியைப் படித்தவர்களுக்கு அதன் கனம் புரிந்திருக்கும்.

கடைசியாக அளவு பற்றிய கேள்வி. 1997 சட்டத்தில் மத அமைப்புக்கு எச்சரிக்கையும் இல்லை, அபராதமும் இல்லை. தவறு சிறியதோ பெரியதோ, தண்டனை ஒன்றே: கலைப்பு. சில உறுப்பினர்களின் செயலுக்காகப் பத்தாயிரம் பேரின் சங்கத்தையே ஒழிப்பது எந்த வகையிலும் விகிதத்துக்குள் வராது என்றது தீர்ப்பு. கலைப்பிலும் மறுபதிவு மறுப்பிலும் மத சுதந்திரமும் சங்க சுதந்திரமும் மீறப்பட்டன. வழக்கு நீண்ட காலம் இழுக்கப்பட்டதிலும் மீறல். இழப்பீடு 20,000 யூரோ, செலவுக்கு 50,000 யூரோ.

மாஸ்கோ சமூகத்துக்கு மறுபடி பதிவு கிடைத்தது 2015 மே 27-இல். தீர்ப்பு வந்து ஐந்து ஆண்டு. இரண்டே ஆண்டில் 395 அமைப்புகள் கொண்ட பட்டியலில் அதன் பெயரும் சேர்ந்துவிட்டது.

தீவிரவாதம் என்ற சொல்

தமிழில் தீவிரவாதம் என்றால் காதில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். ரஷ்யச் சட்டத்தின் சொல்லுக்குத் துப்பாக்கி வேண்டியதில்லை. 2002 ஜூலை 25-ஆம் தேதியிட்ட தீவிரவாத எதிர்ப்புச் சட்டத்தில் (எண் 114), ஒருவரது மதத்தைக் காரணமாக்கி அவரை உயர்ந்தவர் என்றோ தாழ்ந்தவர் என்றோ பிரசாரம் செய்வதும் தீவிரவாதம்தான். மதப் பகையைத் தூண்டுவதற்கு வன்முறையோடு தொடர்பு வேண்டும் என்ற நிபந்தனை பின்னர் வந்த திருத்தங்களில் கழன்றுவிட்டது. ‘எங்கள் வழியே மெய்யான வழி’ என்று சொல்லாத மதம் உலகில் அபூர்வம். அந்த ஒரு வாக்கியமே குற்றமாகும்படி வரையறை விரிந்தது.

இந்தச் சட்டம் வேலை செய்யும் விதத்தைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும். ஓர் ஊரில் ஒரு பிரசுரம் கிடைக்கிறது. அந்த ஊர் அரசு வழக்குரைஞர் உள்ளூர் நீதிமன்றத்தில், இது தீவிரவாத வெளியீடு என்று அறிவிக்கக் கோருகிறார். நீதிமன்றம் மொழியியல், உளவியல் நிபுணரிடம் அனுப்புகிறது. ‘மற்ற மதங்களைத் தாழ்த்தும் கூறுகள் இருக்கின்றன’ என்று அறிக்கை வருகிறது. நீதிபதி அந்த முடிவையே தீர்ப்பில் எடுத்தெழுதுகிறார். நூலை வெளியிட்டவருக்குப் பல வழக்குகளில் அழைப்பே போவதில்லை. தெரிய வரும்போது மேல்முறையீட்டுக் கெடு முடிந்திருக்கும். தீர்ப்பு இறுதியானதும் நூலின் பெயர் நீதி அமைச்சகத்தின் கூட்டாட்சிப் பட்டியலில் ஏறும். அதன் பிறகு நாட்டின் எந்த மூலையிலும் அதைப் பரப்புவதும், பரப்பும் நோக்கில் வைத்திருப்பதும் நிர்வாகக் குற்றச் சட்டத்தின் 20.29-ஆம் பிரிவில் தண்டனைக்குரியது. அமைப்புக்கு அபராதம், 2015 திருத்தத்துக்குப் பின், 1,00,000 முதல் 10,00,000 ரூபிள்.

இப்போது அடுத்த படி. ஒரு வழிபாட்டு மன்றத்தில் சோதனை, பட்டியலில் உள்ள ஒரு பிரதி அகப்படுகிறது, அபராதம். கொஞ்ச நாள் கழித்து இன்னொரு சோதனை, இன்னொரு பிரதி. ‘தொடர்ந்து தீவிரவாதச் செயல்’ என்று அந்த உள்ளூர் அமைப்பைக் கலைக்க மனு. அந்த மனுவை விசாரிக்கும் நீதிமன்றத்தில், பிரசுரத்தில் என்ன தப்பு என்று வாதாட முடியாது. அது முடிந்த விஷயம். பிரதி அங்கே இருந்ததா இல்லையா என்பது மட்டுமே கேள்வி.

தொடக்கம் தென் ரஷ்ய நகரமான தகன்ரோக். 2009 செப்டம்பர் 11-இல் ரஸ்தோவ் பிராந்திய நீதிமன்றம் அந்த ஊர் அமைப்பைக் கலைத்து, 34 வெளியீடுகளைத் தீவிரவாத வெளியீடு என்றது. சிறுவர்களுக்கான வேதாகமக் கதை நூலும் அதில் ஒன்று. டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கோர்னோ-அல்தாய்ஸ்க் நகர நீதிமன்றம் 18 வெளியீடுகளைச் சேர்த்தது. 2010-இல் சபையின் ‘காவற்கோபுரம்’, ‘விழித்தெழு!’ இதழ்களின் விநியோக அனுமதி ரத்தானது. சபையின் இணையதளம் 2013-இல் த்வேர் நகரில் தடையாகி, பிராந்திய நீதிமன்றத்தில் தப்பி, 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் மறுபடி மாட்டிக்கொண்டது. பின்பு அமைப்புகள் வரிசையாக விழுந்தன: 2014-இல் சமாரா, 2015-இல் அபின்ஸ்க், 2016-இல் பெல்கோரத், ஸ்தாரி ஓஸ்கோல், எலிஸ்தா, ஓர்யோல், பிரபித்ஜான்.

பட்டியலில் ஏறிய நூல்களைச் சபை தன் மன்றங்களிலிருந்து அகற்றியது. அப்படியும் சோதனையில் பிரதிகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. காவலர்களே கொண்டுவந்து வைத்தார்கள் என்பது சபையின் வாதம். கண்காணிப்புக் கேமரா பதிவுகளையும் காட்டினார்கள். பிரதி ‘இருந்தது’ என்ற ஒற்றை உண்மையின் மேல் முழு வழக்கும் நிற்கும்போது, பதிவு செய்யும் கேமராதான் ஒரே தற்காப்பு. அதையும் நீதிபதி பார்க்கச் சம்மதித்தால்தான் பயன்.

2016 மார்ச் 2: கெடு ஓடத் தொடங்கிய நாள்

2017 வழக்கின் உண்மையான தொடக்கம் இந்த நாள். ரஷ்யாவின் துணைத் தலைமை அரசு வழக்குரைஞர் விக்தர் கிரின், சான்க்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே சோல்னெச்னயேவில் இருந்த நிர்வாக மையத்துக்கு எழுத்துப்பூர்வ எச்சரிக்கை அனுப்பினார். தீவிரவாத எதிர்ப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி, எச்சரிக்கை கிடைத்துப் பன்னிரண்டு மாதத்துக்குள் புதிய ‘தீவிரவாத அறிகுறி’ ஒன்று தென்பட்டால் அமைப்பைக் கலைக்க வழி திறக்கும். 1997 சட்டத்தில் எச்சரிக்கை என்ற படியே இல்லை என்று ஸ்ட்ராஸ்பூர்க் குறை சொல்லியிருந்தது அல்லவா? இங்கே எச்சரிக்கை இருந்தது. ஆனால் அதைத் தவிர்க்கும் வழி சபையின் கையில் இல்லை. அவ்வளவு பெரிய நாட்டில் ஏதாவது ஒரு மன்றத்தில் ஒரு பிரதி ‘கிடைத்தால்’ போதும்.

எச்சரிக்கையை எதிர்த்து மையம் போட்ட வழக்கை த்வெர்ஸ்கோய் மாவட்ட நீதிமன்றம் 2016 அக்டோபர் 12-இல் தள்ளியது. மாஸ்கோ நகர நீதிமன்றம் 2017 ஜனவரி 16-இல் அதை உறுதி செய்தது. அன்றோடு எச்சரிக்கை கல்லில் எழுதியதாகிவிட்டது. பிப்ரவரியில் நீதி அமைச்சகம் மையத்தில் திடீர்ச் சோதனை நடத்தியது. மார்ச் 15-இல் உச்ச நீதிமன்றத்தில் கலைப்பு மனு. தீர்ப்பு வரும் முன்பே, அதே மார்ச்சில், மையத்தின் செயல்பாட்டை அமைச்சகம் தன் உத்தரவால் நிறுத்தி வைத்தது.

உச்ச நீதிமன்றத்தில் நடந்ததை மூன்று மறுப்புகளாகச் சொல்லலாம். முதலாவது, கலைக்கப்படப்போகிற உள்ளூர் அமைப்புகள் தங்களையும் வழக்கில் தரப்பாகச் சேர்க்கக் கேட்டன, நீதிமன்றம் சேர்க்கவில்லை. அவை ஒவ்வொன்றும் தனிப் பதிவு, தனிச் சாசனம், தனிச் சொத்து உடையவை. மையத்தின் ‘கட்டமைப்புப் பிரிவு’ என்று ஒரே வார்த்தையில் அவற்றை மையத்தோடு கட்டிவிட்டதால், எந்தக் குற்றச்சாட்டும் இல்லாத நூற்றுக்கணக்கான அமைப்புகள் பேச வாய்ப்பே இல்லாமல் கலைந்தன. இந்த வழக்கில் சட்டப்படி மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்பது எங்கள் கருத்து. இரண்டாவது, மையம் தாக்கல் செய்த எதிர்மனு ஏற்கப்படவில்லை. மூன்றாவது, பிரதிகள் கொண்டுவந்து வைக்கப்பட்டன என்ற சான்றையும், நூல்களில் வன்முறைக்கு அழைப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்வியையும் நீதிமன்றம் ஆராயவில்லை. அவை முந்தைய தீர்ப்புகளில் முடிந்தவை. ஜூலை 17-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட மேல்முறையீட்டு அமர்வும் அதையே உறுதி செய்தது.

நீதிமன்றத்தில் சபையின் சார்பில் பேசியவர்களில் ஒருவர் வஸிலி காலின். சிறுவயதில் குடும்பத்தோடு சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர். சோவியத் காலத்தில் இந்தச் சபையினர் அரசியல் ஒடுக்குமுறைக்கு ஆளானவர்கள் என்று ரஷ்ய அரசே பின்னாளில் ஒப்புக்கொண்டிருந்தது.

வேதாகமமும் நிலமும்

2015 நவம்பரில் ரஷ்யா ஒரு திருத்தம் கொண்டுவந்தது: வேதாகமம், குர்ஆன், யூதர்களின் தனாக், பௌத்தர்களின் கஞ்சூர் ஆகியவற்றைத் தீவிரவாத வெளியீடு என்று அறிவிக்கக் கூடாது. ஆனால் சாட்சிகளின் ‘புதிய உலக மொழிபெயர்ப்பு’ 2017 ஆகஸ்ட் 17-இல் வீபர்க் நகர நீதிமன்றத்தில் தடையானது. அது வேதாகமமே அல்ல என்ற நிபுணர் கருத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. டிசம்பர் 20-இல் மேல்முறையீடும் தோற்றது. விலக்கு நூலின் பெயருக்கு. எது அந்த நூல் என்று சொல்லும் அதிகாரம் நிபுணருக்கு.

சோல்னெச்னயே வளாகம் 2000-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பதிவான சபைச் சங்கத்தின் பெயரில் தானமாக எழுதப்பட்டிருந்தது. அந்தத் தானப் பத்திரம் போலி என்று செஸ்த்ரரெத்ஸ்க் மாவட்ட நீதிமன்றம் 2017 டிசம்பர் 7-இல் ரத்து செய்தது. 2018 மே 3-இல் சான்க்ட் பீட்டர்ஸ்பர்க் நகர நீதிமன்றம் உறுதி செய்தது. சொத்தை வெளிநாட்டுப் பெயரில் வைத்தால் பத்திரமாக இருக்கும் என்ற கணக்கு கலைப்பு வழக்குகளில் பலமுறை பொய்க்கிறது. உள்ளே யார் இருந்து அதைப் பயன்படுத்தினார்கள் என்பதைக் காட்டியே பத்திரத்தை உடைத்துவிடுகிறார்கள்.

பன்னிரண்டு ஆண்டு காத்திருந்த மனு

சபை ஒரு விஷயத்தில் மிகச் சரியாக நடந்துகொண்டது. தகன்ரோக் தீர்ப்பு இறுதியானதுமே, 2010-இல், ஸ்ட்ராஸ்பூர்கில் மனு போட்டது (எண் 32401/10). அதன் பிறகு ஒவ்வொரு நூல் தடைக்கும், ஒவ்வொரு அமைப்பின் கலைப்புக்கும், இணையதளத் தடைக்கும், 2017 தீர்ப்புக்கும் தனித்தனி மனு. உள்நாட்டில் கெடு தவறாமல் கடைசிப் படி வரை போய்விட்டுத்தான் ஒவ்வொன்றையும் அங்கே கொண்டுபோனார்கள். இப்படி இருபது மனுக்கள். அதனால்தான் 2022 ஜூன் 7-இல் வந்த தீர்ப்பு, துண்டுப் பிரசுரம் முதல் உச்ச நீதிமன்றம் வரை முழுச் சங்கிலியையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

மனுதாரர்கள் 1,444; இவர்களில் 1,014 பேர் தனிநபர்கள், 430 அமைப்புகள். சங்கிலியின் முதல் வளையத்திலேயே நீதிமன்றம் கை வைத்தது. வன்முறையோ வெறுப்போ வேண்டாம் என்னும் அளவுக்குத் தீவிரவாத வரையறை விரிந்திருக்கிறது. தன் மதமே மெய் என்று அமைதியாகச் சொல்வதும் பிற மதக் கோட்பாட்டை விமர்சிப்பதும் மத சுதந்திரத்துக்கும் பேச்சு சுதந்திரத்துக்கும் உட்பட்டவை. நிபுணர் மொழியைப் பற்றிச் சொல்லலாம்; சட்டப்படி இது தீவிரவாதமா என்று தீர்மானிக்க வேண்டியவர் நீதிபதி, அந்த வேலையை அவர் நிபுணரிடம் விட்டுவிட்டார். அதிகாரிகள் நல்லெண்ணத்தோடு நடக்கவில்லை. சபையினர் நம்பிக்கையைக் கைவிட வேண்டும் என்பதே அவர்களின் போக்கு. நிலுவையிலுள்ள குற்ற வழக்குகளை நிறுத்தவும், சிறையில் இருப்பவர்களை விடுவிக்கவும், சொத்தைத் திருப்பித் தரவும் சொன்னது. தராவிட்டால் சொத்துக்கு மட்டும் ஏறத்தாழ 5.96 கோடி யூரோ.

2010-இல் வந்த மனுவுக்கு 2022-இல் பதில். இந்தத் தாமதத்தை எளிதாகக் கடந்துபோக எங்களால் முடியவில்லை. தகன்ரோக்கின் 34 வெளியீடுகள் பற்றி 2012-இலோ 2013-இலோ ஒரு தீர்ப்பு வந்திருந்தால், சமாராவிலும் பெல்கோரதிலும் வழக்குரைஞர்களுக்குக் கையில் பிடிக்க ஒன்றும் இருந்திருக்காது. ரஷ்யா அப்போது அந்த நீதிமன்றத்தின் இழப்பீடுகளையாவது கட்டிக்கொண்டிருந்தது.

தடைக்குப் பின் சபையினர் தனித்தனியே நம்பிக்கையைப் பின்பற்றத் தடையில்லை என்று அரசு சொன்னது. அந்தச் சொல் நடைமுறையில் என்னவானது என்பதற்கு ஓர்யோல் வழக்கு. அந்த ஊரில் வாழ்ந்த டென்மார்க் நாட்டுத் தச்சர் ஒருவர் 2017 மே 25-இல் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது கைதானார். கலைக்கப்பட்ட சட்டப்பூர்வ அமைப்பில் அவர் உறுப்பினர் அல்ல. ஜெபித்தது, வேதம் பேசியது, கூட்டத்தை நடத்தியது இவைதான் ‘கலைக்கப்பட்ட அமைப்பின் செயலைத் தொடர்ந்தது’ என்று ஆயின. 2019 பிப்ரவரி 6-இல் ஆறு ஆண்டுச் சிறை. 2021 அக்டோபர் 28-இல் உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு, வழிபாடு மட்டுமே குற்றமாகாது என்று கீழ் நீதிமன்றங்களுக்கு விளக்கம் தந்தது. அடுத்த மாதம் விளாதிவஸ்தோக்கில் ஒரு விடுதலைத் தீர்ப்பு வந்தது, சில மாதத்தில் அது மேல்முறையீட்டில் ரத்தானது.

தச்சர் தண்டனையை முடித்து 2022 மே 24-இல் வெளியே வந்தார். உடனே டென்மார்க்குக்கு அனுப்பப்பட்டார். ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்பு வந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து. அந்த நீதிமன்றத்தின் தாய் அமைப்பான ஐரோப்பிய கவுன்சிலிலிருந்து ரஷ்யா மார்ச் 16-இலேயே வெளியேற்றப்பட்டிருந்தது. தீர்ப்பு வந்த நான்காம் நாள், ஜூன் 11-இல், மார்ச் 15-க்குப் பிறகு இறுதியாகும் ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்புகளை நிறைவேற்ற வேண்டியதில்லை என்ற சட்டத்தில் புதின் கையெழுத்திட்டார்.